காதில் விழுந்த சொல்லும் கறைபட்ட பெயரும்

"நெருப்பில்லாமல் புகையுமா?" என்று கேட்பது நம்மிடையே வழக்கம். ஒருவரைப் பற்றிய பழிச்சொல் ஊரில் உலவத் தொடங்கியதும், அதை ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பிலிருந்து நம்மை விடுவித்துக்கொள்ள இந்த ஒரு பழமொழியே போதுமானதாக இருக்கிறது. புகையைக் கண்டவர் நெருப்பைத் தேடிச் செல்வதில்லை. புகையே நெருப்புக்குச் சான்று என்று மனநிறைவு கொள்கின்றனர். ஆயினும் புகை எங்கிருந்து எழுந்தது, அதை ஊதிப் பெருக்கியவர் யார், எரிந்துபோனது என்ன என்ற கேள்விகளை வரலாறு மறவாமல் கேட்கிறது. அத்தகைய வரலாறு ஒன்றை இம்மாதம் வாசகர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அது நிகழ்ந்தது அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில், 1962 முதல் 1967 வரையிலான ஆண்டுகளில். இரண்டு பல்கலைக்கழகங்களின் கால்பந்து அணிகள், ஒரு தொலைபேசி உரையாடல், புகழ்பெற்ற ஓர் இதழ் ஆகியவையே அதன் மையம்.

ஆட்டமும் அதன் மதிப்பும்

அமெரிக்கர் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். சில நொடிகளே நீடிக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்கூட்டியே திட்டம் வகுக்கப்பட்டிருக்கும். யார் எத்திசையில் ஓடுவது, யார் யாரைத் தடுப்பது, பந்து யார் கைக்குப் போவது என்பதெல்லாம் பயிற்சியாளர் பல வாரங்கள் உழைத்து அமைத்தவை. எனவே ஓர் அணியின் திட்டம் எதிரணிக்கு முன்னரே தெரிந்துவிட்டால், படைத்தலைவனின் வரைபடம் பகைவர் கையில் சிக்கியதற்கு ஒப்பாகும். இதை மனத்தில் கொண்டால்தான் பின்னால் எழுந்த குற்றச்சாட்டின் கனம் நமக்கு விளங்கும்.

இந்த ஆட்டத்துக்குத் தென்மாநிலங்களில் இருந்த மதிப்பும் நோக்கத்தக்கது. 1962-இல் ஜார்ஜியாவிலோ அலபாமாவிலோ முதல்தரத் தொழில்முறைக் கால்பந்து அணி எதுவும் இல்லை. மக்களின் பெருமிதம் முழுவதும் பல்கலைக்கழக அணிகளின்மேல் குவிந்திருந்தது. சனிக்கிழமை மாலை வெற்றி பெற்றால் மாநிலமே வென்றதாக மகிழும். தோற்றால் ஞாயிறு முழுதும் அதே பேச்சாக இருக்கும். ஆடியவர்களோ இருபது வயதை ஒட்டிய மாணவர்கள்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 1939 முதல் 1960 வரை 22 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் வாலஸ் பட்ஸ். வாலி என்பது அவரை எல்லாரும் அழைத்த பெயர். அவர் பொறுப்பில் அந்த அணி 140 ஆட்டங்களில் வென்றது. 1961-இல் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் உதவியாளராக இருந்த ஜானி கிரிஃபித்திடம் சென்றது. பட்ஸ் விளையாட்டுத் துறை இயக்குநராக மட்டும் தொடர்ந்தார். அலபாமா பல்கலைக்கழகத்தில் 1958 முதல் பயிற்சியாளராக இருந்தவர் பால் பிரையன்ட். இளமையில் கரடியோடு மற்போர் புரிந்தவர் என்பதால் 'கரடி' என்பதே அவருடைய பட்டப்பெயராயிற்று. 1961-இல் அவருடைய அணி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் நாட்டின் முதன்மை அணியாக விளங்கியது.

1962 செப்டம்பர் 22 அன்று பர்மிங்காம் நகரில் இரண்டு அணிகளும் மோதின. அலபாமா 35–0 என்ற கணக்கில் வென்றது. பின்னாளில் பெரும்புகழ் அடைந்த ஜோ நேமத் அலபாமாவின் முதன்மை அணிக்காக ஆடிய முதல் ஆட்டம் அதுவே. வலிமை மிக்க அணி, வலிமை குன்றிய அணியைத் தோற்கடித்தது. அன்று யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

தவறி இணைந்த தொலைபேசி

அந்த ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன், அட்லாண்டா நகரத்துக் காப்பீட்டு விற்பனையாளர் ஒருவர் வேறோர் எண்ணுக்குத் தொலைபேசியில் பேச முயன்றார். இணைப்பு எவ்வாறோ பிசகி, இருவர் உரையாடுவது அவர் காதில் விழுந்தது. பேசியவர் பட்ஸ் என்றும், மறுமுனையில் இருந்தவர் பிரையன்ட் என்றும் அவர் அறிந்துகொண்டார். ஜார்ஜியா அணியின் ஆட்டமுறைகளைப் பட்ஸ் எடுத்துச் சொல்லக் கேட்டதாகவும், கேட்டவற்றைத் தாளில் குறித்துக்கொண்டதாகவும் பின்னர் சொன்னார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழித்து, 1963 சனவரியில், அக்குறிப்புகள் ஜார்ஜியாவின் பயிற்சியாளரிடம் சென்றன. அவரிடமிருந்து பல்கலைக்கழக அதிகாரிகளுக்கும், இரு பல்கலைக்கழகங்களும் இடம்பெற்றிருந்த தென்கிழக்கு விளையாட்டுக் கூட்டமைப்புக்கும் செய்தி எட்டியது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே பட்ஸ் தம் பதவியிலிருந்து விலகினார்.

இதுவரை நடந்தது விசாரணைக்கு உரிய செய்தி. விசாரணை முடியும் முன்னரே அது விற்பனைக்கு உரிய செய்தியாக மாறியது. அந்த விற்பனையாளர் தாம் கேட்டதை 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' என்னும் இதழுக்கு 5,000 டாலருக்குக் கொடுத்தார். அமெரிக்கக் குடும்பங்களில் பல தலைமுறைகளாக நம்பிக்கையோடு படிக்கப்பட்டு வந்த இதழ் அது. ஆயினும் அக்காலத்தில் தொலைக்காட்சியின் வளர்ச்சியாலும் விளம்பர வருவாய்க் குறைவாலும் தளர்ந்திருந்தது. மறைந்துள்ள ஊழல்களை வெளிக்கொணர்ந்து பரபரப்பூட்டுவது என்னும் புதிய கொள்கையை அதன் ஆசிரியர் மேற்கொண்டிருந்தார். 1963 மார்ச் 23 எனத் தேதியிட்ட இதழில், பல்கலைக்கழகக் கால்பந்தில் முன்கூட்டியே முடிவுசெய்யப்பட்ட ஓர் ஆட்டத்தின் கதை என்னும் பொருள்படும் தலைப்பில் கட்டுரை வெளிவந்தது. 1919-இல் சிகாகோ அடிபந்து அணியினர் பணம் பெற்றுத் தோற்ற ஊழலோடு இதனை ஒப்பிட்டு ஆசிரியர் குறிப்பும் முன்னே இருந்தது.

வெளிவருவதற்கு முன்பே, செய்தி முற்றிலும் பொய் என்று பட்ஸும் அவருடைய மகள் ஒருவரும் இதழுக்குத் தெரிவித்தனர். அந்த மகள் தொலைதூரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தே சொன்னார். காதில் விழுந்த ஒரு தொலைபேசிப் பேச்சை நம்பிய இதழ், காதில் சொல்லப்பட்ட மற்றொரு தொலைபேசிப் பேச்சைச் செவிமடுக்கவில்லை.

மக்கள் ஏன் நம்பினர்?

வதந்தி வெற்று நிலத்தில் முளைப்பதில்லை. முன்பே உழுது வைத்த நிலம் அதற்கு வேண்டும். 1951-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சூதாட்டக்காரரிடம் பணம் பெற்ற ஆட்டக்காரர் பலர் பிடிபட்டிருந்தனர். கென்டக்கி பல்கலைக்கழகம் 1952–53 ஆட்டப் பருவத்தையே இழந்தது. 1961-இல் மீண்டும் அத்தகைய ஊழல் வெளியாயிற்று. கட்டுரை வெளிவந்த அடுத்த மாதமே, 1963 ஏப்ரலில், தொழில்முறைக் கால்பந்தின் முன்னணி ஆட்டக்காரர் இருவர் பந்தயம் கட்டியதற்காக இடைநீக்கம் செய்யப்பட்டனர். முன்னே மெய்யாக நடந்த குற்றங்கள், மெய்ப்பிக்கப்படாத புதிய குற்றச்சாட்டுக்கு நம்பகத்தன்மையைக் கடனாகக் கொடுத்தன. "அங்கே நடந்தது இங்கேயும் நடந்திருக்கும்" என்று மனம் எளிதில் முடிவு கட்டிற்று.

35–0 என்ற எண்ணும் இப்போது வேறு பொருள் பெற்றது. முந்திய செப்டம்பரில் வெறும் தோல்வியாகத் தெரிந்தது மார்ச்சில் சதியாகத் தெரிந்தது. ஆனால் சற்றே பின்னோக்கிப் பார்த்திருந்தால் 1961-இலும் அலபாமா ஜார்ஜியாவை 32–6 என வென்றிருந்ததைக் கண்டிருக்கலாம். பின்னர் 1963-இல் 32–7 என்றும், 1964-இல் 31–3 என்றும் அலபாமாவே வென்றது. தொலைபேசி பிசகாத ஆண்டுகளிலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான். இந்த எண்கள் மட்டுமே பட்ஸைக் குற்றமற்றவர் என நிறுவிவிடா. ஆயினும் அந்தப் பெருந்தோல்வியை விளக்க ஒரு சதி தேவையில்லை என்பதையாவது அவை காட்டுகின்றன.

நீதிமன்றத்தில்

பிரையன்ட் மார்ச் மாதத்திலேயே தொலைக்காட்சியில் தோன்றிக் குற்றச்சாட்டை மறுத்தார். பட்ஸ் இதழை வெளியிட்ட கர்ட்டிஸ் நிறுவனத்தின்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1963 ஆகஸ்டில் அட்லாண்டா கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி லூயிஸ் மார்கன் முன்னிலையில் விசாரணை நடந்தது.

தொலைபேசி உரையாடல் ஒன்று நடந்ததை எவரும் மறுக்கவில்லை. அதன் பொருள் என்ன என்பதிலேயே வழக்கு நின்றது. கால்பந்தைப் பற்றிப் பொதுவாகப் பேசினோமேயன்றி எதிரணிக்குப் பயன்படும் மறைபொருள் எதையும் சொல்லவில்லை என்றார் பட்ஸ். விற்பனையாளரின் குறிப்புகளையும் ஆட்டத்தின் படச்சுருளையும் ஒப்பிட்டு ஆராய்ந்த வல்லுநர்கள் அவருக்குச் சார்பாகச் சாட்சி கூறினர். கட்டுரையில் தம் வாய்மொழியாக அச்சிடப்பட்டிருந்த சொற்களைத் தாம் சொல்லவே இல்லை என்று சிலர் மறுத்தனர்.

இதழ் செய்யத் தவறியவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. செய்தி கொடுத்தவர் காசோலைக் குற்றத்துக்காக நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர் என்பதை இதழ் அறிந்திருந்தது. அறிந்தும் அவர் சொல்லுக்கு வேறு வலுவான ஆதரவு தேடவில்லை. அவர் எழுதி வைத்த குறிப்புகளை வெளியீட்டுக்கு முன் இதழைச் சேர்ந்த ஒருவரும் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவரோடு உடன் இருந்ததாகச் சொல்லப்பட்ட நண்பரை ஒருவரும் கேட்கவில்லை. ஆட்டத்தின் படச்சுருளைப் போட்டுப் பார்க்கவில்லை. அலபாமா அணி தன் திட்டத்தை மாற்றிக்கொண்டதா என விசாரிக்கவில்லை. கட்டுரை எழுதப் பணிக்கப்பட்டவர் கால்பந்து வல்லுநர் அல்லர். வல்லுநர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்கவும் இல்லை.

இந்தப் பட்டியலைப் படிக்கையில் தானியேல் நூலில் வரும் சூசன்னாவின் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. முதியோர் இருவர் சாட்சி சொன்னவுடன் சபை முழுவதும் நம்பித் தீர்ப்பிட்டுவிட்டது. இளைஞர் தானியேல் செய்தது ஒன்றே: சாட்சிகளைத் தனித்தனியே பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர் என்று கேட்டார். ஒவ்வொருவரும் வெவ்வேறு மரத்தைச் சொன்னதும் உண்மை வெளியாயிற்று. பெரிய அறிவு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை; கேட்க வேண்டிய எளிய கேள்வியைக் கேட்கும் மனம் மட்டுமே தேவைப்பட்டது. அட்லாண்டாவில் உடன் இருந்ததாகச் சொல்லப்பட்ட நண்பரைத் தேடிச்சென்று கேட்டிருந்தால் எத்தனை துன்பம் தவிர்ந்திருக்கும்!

1963 ஆகஸ்ட் 20 அன்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. பொது இழப்பீடாக 60,000 டாலரும், தண்டனை இழப்பீடாக 30 இலட்சம் டாலரும் பட்ஸுக்கு வழங்குமாறு அது கூறியது. பின்னர் நீதிபதி மொத்தத் தொகையை 4,60,000 டாலராகக் குறைத்தார். பிரையன்ட் தொடுத்திருந்த வழக்குகள் 1964-இல் 3 இலட்சம் டாலருக்குச் சமரசமாக முடிந்தன.

நேரம் இருந்தும் தேடாதவர்

கர்ட்டிஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. இடையில் 1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் பெருஞ்சிறப்புடைய தீர்ப்பொன்றை அளித்திருந்தது. டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவான விளம்பரம் ஒன்றில் சில சிறுபிழைகள் இருந்தன என்பதற்காக, அலபாமாவின் மாண்ட்கோமரி நகர அதிகாரி ஒருவர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழிடம் 5 இலட்சம் டாலர் பெறும்படி அம்மாநில நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருந்தன. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டச் செய்திகளை நசுக்க அவதூறுச் சட்டம் ஆயுதமாகப் பயன்பட்ட காலம் அது. உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளி, பொது அதிகாரிகளைப் பற்றி எழுதும் உரிமைக்கு உறுதியான காப்பு அளித்தது. அந்தக் காப்பு தமக்கும் உண்டு எனக் கர்ட்டிஸ் நிறுவனம் வாதிட்டது.

1967 சூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளை ஒன்றாக எடுத்துத் தீர்ப்பு வழங்கியது. ஒன்று பட்ஸின் வழக்கு. மற்றொன்று எட்வின் வாக்கர் என்னும் முன்னாள் படைத்தளபதியின் வழக்கு. 1962 செப்டம்பர் 30 இரவு, ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்வதை எதிர்த்துக் கலவரம் மூண்டது. அதில் வாக்கர் கூட்டத்தை முன்னின்று நடத்தினார் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்தது. அதனை எதிர்த்து வாக்கர் வழக்காடியிருந்தார். உச்ச நீதிமன்றம் வாக்கருக்குக் கிடைத்திருந்த இழப்பீட்டை நீக்கியது. பட்ஸுக்கு உரியதை 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் உறுதிசெய்தது.

இரண்டுக்கும் இடையே என்ன வேறுபாடு? நீதிபதி ஹார்லன் தந்த விளக்கம் நம் சிந்தனைக்கு உரியது. கலவரச் செய்தியை அனுப்பியவர் களத்தில் நின்றவர். உடனே அனுப்ப வேண்டிய செய்தி அது. அந்த அவசரத்தில் பிழை நேர்ந்தாலும் அது மன்னிக்கத்தக்கது. கால்பந்துக் கட்டுரைக்கு அத்தகைய அவசரம் எதுவும் இல்லை. ஆட்டம் முடிந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. சரிபார்க்க நேரம் இருந்தது, வழி இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. குற்றச்சாட்டு எவ்வளவு கனமானதோ அவ்வளவு கவனம் தேவை என்பது தெரிந்தும் அடிப்படையான முன்னெச்சரிக்கைகள் கைவிடப்பட்டன. பொறுப்புள்ள வெளியீட்டாளர் கைக்கொள்ளும் முறையிலிருந்து இது மிகத் தொலைவு விலகியது என்பதே தீர்ப்பின் சாரம்.

நாம் பிறரைப் பற்றிப் பேசும் பேச்சுக்கும் இதைவிடச் செம்மையான அளவுகோல் வேறில்லை. தவறாகப் புரிந்துகொள்வது மனித இயல்பு. விசாரிக்க வாய்ப்பிருந்தும் விசாரியாமல் பரப்புவதோ இயல்பாக நேர்ந்த பிழை ஆகாது; அது நாம் தெரிந்தெடுத்த செயல்.

எஞ்சிய கறை

தீர்ப்பு வந்தது, பணம் வந்தது. பெயர் திரும்பியதா? தொழில்முறை அணி ஒன்றில் பயிற்சியாளராகும் நம்பிக்கையோடு இருந்த பட்ஸ் பின்னர் எந்த அணிக்கும் பயிற்சி அளிக்கவில்லை. அவர் இனி எந்த அணிக்கும் உதவப் போவதில்லை என்று அந்தக் கட்டுரையே ஊகம் கூறியிருந்தது. நீதிமன்றம் பொய்யென்று தள்ளிய கட்டுரையில் அந்த ஊகம் மட்டும் மெய்யாயிற்று. 1973 டிசம்பரில் அவர் காலமானார். 1987-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகம் தன் விளையாட்டு மாளிகைக்கு அவர் பெயரையும் இணைத்துச் சூட்டியது. 1997-இல் கல்லூரிக் கால்பந்துப் புகழ் மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார். இம்மதிப்புகளைக் காண அவர் இல்லை.

தனியொருவருக்காவது நீதிமன்றம் இருந்தது. அணிக்கு எந்த நீதிமன்றம்? ஜார்ஜியா மாணவர்களைப் புதிர்ப்பாதையில் விடப்பட்ட எலிகளுக்கு ஒப்பிட்டு எழுதியிருந்தார்கள். அவர்கள் சிந்திய வியர்வைக்கு இனிப் பொருளில்லை என்பதுதானே அதன் உட்கிடை? வென்ற அலபாமா மாணவர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தோற்றவர் ஏமாந்தவர் ஆயினர், வென்றவரோ ஏமாற்றியவர் ஆயினர். வேறு ஆட்டங்களின் படச்சுருள்களும் ஆராயப்படுவதாக அக்கட்டுரை சொல்லிற்று. ஓர் ஆட்டத்தின்மேல் விழுந்த ஐயம் எல்லா ஆட்டங்களின்மேலும் படர அந்த ஒரு வரி போதும். அந்த இளைஞர்களில் எவரும் தம் அணியின் பெயருக்காக வழக்காட முடியவில்லை. ஓர் அமைப்பின் நற்பெயர் என்பது பலர் சேர்ந்து கட்டிய வீடு. அதை இடிப்பவர் ஒருவரைக் குறிவைத்தாலும் கூரை விழுவது எல்லார் தலையிலும்தான்.

சொன்னவர் பக்கமும் நலமடையவில்லை. பல காரணங்களால் நலிந்து வந்த அந்த இதழ் 1969-இல் நின்றது. 1971-இல் வேறு வடிவில் மீண்டும் தொடங்கப்பட்டது. அதன் நீண்ட வரலாற்றில் எத்தனையோ நல்ல எழுத்துகள் வந்திருந்தும், சட்டம் பயிலும் மாணவர்கள் அதன் பெயரை இந்த வழக்கின் வாயிலாகவே சந்திக்கின்றனர்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தென்கிழக்குக் கூட்டமைப்பின் சார்பில் விசாரணையை நேரில் கவனித்த சட்டப் பேராசிரியர் ஜேம்ஸ் கர்பி, 1986-இல் ஒரு நூல் எழுதி, தீர்ப்பைப் பற்றிய தம் ஐயங்களை வெளியிட்டார். ஆக, அந்த உரையாடலைப் பற்றிய விவாதம் தீர்ப்போடு ஓயவில்லை. வதந்தியின் பெருங்கேடே இதில்தான் இருக்கிறது. தொடக்கத்திலேயே சாட்சிகளை முறையாக விசாரித்து, குறிப்புகளைப் பார்த்து, படச்சுருளை ஆராய்ந்திருந்தால், குற்றமெனில் குற்றமென்றும் இல்லையெனில் இல்லையென்றும் தெளிவு பிறந்திருக்கலாம். அவசரப்பட்டு அச்சேற்றியதால் உண்மைக்கும் கேடு, மனிதருக்கும் கேடு. குற்றவாளி எனவும் ஆகாமல் குற்றமற்றவர் எனவும் முழுமையாக ஏற்கப்படாமல் ஒருவர் எஞ்சிய காலத்தைக் கழிக்க நேர்ந்தது.

மறுபக்கம்

இவ்வளவும் படித்த வாசகர், "அப்படியானால் குற்றச்சாட்டு எதையும் காதில் வாங்காதிருப்பதே நல்லது" என்று முடிவு செய்துவிடக் கூடாது. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாறே அதற்கு எதிரான கடும் பாடத்தையும் வைத்திருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஒருவர் சிறுவர்களுக்கு இழைத்த பாலியல் கொடுமையைப் பற்றி 2001-இலேயே அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் காவல்துறைக்குத் தெரிவிக்கவில்லை. 2011 நவம்பரில்தான் வழக்குப் பதிவாயிற்று. 2012 சூனில் 45 குற்றங்களில் அவர் தண்டனைக்கு உரியவரெனத் தீர்ப்பானது. புகழ்பெற்ற அணியின் பெயர் காக்கப்பட்டது, சிறுவர்கள் காக்கப்படவில்லை. நம் திருச்சபையும் உலகின் பல பகுதிகளில் இதே பிழையைச் செய்து, இன்றும் அதற்காக வெட்கித் தலைகுனிகிறது. ஆகையால் இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுத நமக்கு உரிமையில்லை.

1963-இல் விசாரியாமல் பரப்பினர். 2001-இல் விசாரியாமல் மூடினர். தோற்றத்தில் எதிரெதிரான இரண்டு செயல்களுக்கும் வேர் ஒன்றே. உண்மையை அறியும் உழைப்பை இருசாராரும் தவிர்த்தனர். முறையிட வரும் எளியவரிடம் "இது வெறும் வதந்தி" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும், வதந்தியை ஏந்தி வருபவரிடம் "நெருப்பில்லாமல் புகையாது" என்று தலையசைப்பதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். முறையீடு செய்ய வருபவருக்கு அதைக் கேட்டு ஆராயும் அதிகாரமுடையவரிடம் செல்ல வழி வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு, உண்மை தெளியும் வரையில் ஊர் வாயினின்று காவல் வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேரக் காப்பதே நீதி.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஊர் வாயில் நம் வாயும் ஒன்று. அதை மூடும் ஆற்றல் நம்மிடம் உண்டு. அன்று ஒரு சொல் நாடு முழுவதும் பரவ அச்சகமும் ஆறு மாதங்களும் தேவைப்பட்டன. இன்று கைபேசியில் விரல் பட்டால் போதும். காலம் சுருங்கியிருக்கிறது, கேட்க வேண்டிய கேள்விகள் சுருங்கவில்லை. சொன்னவர் யார்? அவர் நேரில் கண்டாரா? உடன் இருந்தவரைக் கேட்டோமா? குற்றம் சாட்டப்பட்டவர் என்ன சொல்கிறார்? இதை நான் சொல்ல வேண்டிய இடம் எது?

1963-இன் தொடக்கத்தில், தந்தையின் பெயரைக் காக்க ஒரு மகள் தொலைவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். மறுமுனையில் இருந்தவருக்கு அவர் சொன்னதை அப்படியே நம்பவேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வாரம் பொறுத்து, ஒருமுறை விசாரித்துப் பார்த்திருக்கலாம். அடுத்த முறை ஒருவருடைய பெயரோ ஓர் அமைப்பின் பெயரோ நம் நாவின் நுனிக்கு வரும்போது, அந்த அழைப்பை நாம் நினைத்துக்கொள்வோம்.